துவரங்குறிச்சி பக்கம் எங்களுக்குக் கை கொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

போன வைகாசியில் திருநெல்வேலியில் எங்கள் வீட்டுக் கல்யாணம். பெண், என் மாமனாரின் ஒரே தங்கை மகள். தாய்மாமன் சீரோடு மாமா முதல் நாள் மாலையே மண்டபத்தில் இருந்தாக வேண்டும். என் கணவருக்கு லீவு கிடைக்காததால் அவர் இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் வருவதாக ஏற்பாடு. மாமா, அத்தை, பட்டுப்புடவை, குத்துவிளக்கு, 11 தாம்பாளம் எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டு விடியற்காலை 4 மணிக்குத் தாம்பரத்திலிருந்து நான்தான் ஓட்டிக்கொண்டு கிளம்பினேன்.

விராலிமலை தாண்டி, துவரங்குறிச்சிக்குக் கொஞ்சம் முன்னால் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. பானட்டிலிருந்து ஆவி. மணி 11. மதுரைக்கே இன்னும் 60 கிலோமீட்டருக்கு மேல் இருந்தது.

நெடுஞ்சாலை உதவி எண் 1033-ஐ அழைத்தேன். ரோந்து வண்டியில் வந்த இருவரும் முதலில் கேட்டது, "பெரியவங்க தண்ணி குடிச்சாங்களா?" என்றுதான். அப்புறம்தான் காரைப் பார்த்தார்கள். சாலையோர டீக்கடை வரை கட்டி இழுத்து வந்து, நிழலில் விட்டுவிட்டுத்தான் போனார்கள். உங்கள் இருவருக்கும் முதல் நன்றி.

டீக்கடை அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது! மாமாவுக்குச் சர்க்கரை. இன்சுலின் மருந்து ஐஸ் பையில் இருந்தது. ஐஸ் முழுக்கக் கரைந்துபோயிருந்தது. அந்த வெயிலில் மருந்து கெட்டுவிடுமே என்று நான் தவித்ததைப் பார்த்து, நீங்களே வாங்கிக்கொண்டு போய் ஃபிரிட்ஜில் பால் பாக்கெட்டுகளை ஒதுக்கி இடம் செய்தீர்கள். யாரும் தெரியாமல் எடுத்துவிடக் கூடாதென்று சிகரெட் அட்டையைக் கிழித்து 'மருந்து' என்று எழுதி மேலே வைத்தீர்கள். கிளம்பும்போது உங்கள் வீட்டுத் தூக்குச்சட்டியில் ஐஸ் நிரப்பிக் கொடுத்தீர்கள். ஐஸில் நேராகப் பட்டால் மருந்து உறைந்து வீணாகிவிடும் என்று நான் சொன்னதும், துண்டைக் கிழித்துச் சுற்றி வைத்தது உங்கள் மகள்.

மெக்கானிக் தம்பி, நீங்கள் அவசரப்படாததற்குத்தான் நன்றி. நான் ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனபோது, "வேணாம்க்கா, கொதிக்கிற தண்ணி மூஞ்சில அடிச்சிரும்" என்று தடுத்தீர்கள். முள் இறங்கும் வரை காத்திருந்து, ஈரச்சாக்கைப் போட்டு மெதுவாகத் திறந்தீர்கள். மேல் ஹோஸில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. மேலூர் கடைக்கு நீங்கள் போன் செய்ய, அவர்கள் புது ஹோஸை மதுரை–திருச்சி பஸ்ஸில் கொடுத்துவிட, கண்டக்டர் அண்ணன் எதிர்ச்சாரியில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, இறங்கி ஓடிவந்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பேர்கூடக் கேட்கவில்லை அண்ணா. அந்தப் பார்சல் வந்திருக்காவிட்டால் எங்கள் சீர்த்தட்டு சாலையோரத்திலேயே நின்றிருக்கும். மாட்டி முடித்து, இருபது நிமிடம் இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான், ஹோஸ் விலையும் 300 ரூபாயும் வாங்கிக்கொண்டீர்கள். அதற்கு மேல் கொடுத்தும் வாங்கவில்லை. அத்தை கொடுத்த புளியோதரையை மட்டும் மறுக்கவில்லை.

அத்தை, மாமா, உங்களுக்கும் சொல்ல வேண்டும். அந்த நாலரை மணி நேரத்தில் "கிளம்புறதுக்கு முன்னாடி வண்டிய செக் பண்ணலியா" என்று ஒரு வார்த்தை நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உடைந்து போயிருப்பேன். கயத்தாறு வரும்போதெல்லாம் கட்டபொம்மன் கதை சொல்வீர்களே மாமா, அன்று பேசாமல் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். எனக்குக் கண் சொக்காமல் இருக்க அத்தைதான் தன் கல்யாணக் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். பத்து வருஷத்தில் நான் கேட்டிராத கதை.

மண்டபத்தில் நுழையும்போது இரவு எட்டேகால். "அண்ணன் வராம எம்பொண்ணு மேடைக்கு வரமாட்டா" என்று சித்தி நின்றிருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டாரும் முகம் சுளிக்காமல் காத்திருந்தார்கள். சம்பந்தி வீட்டுப் பெரியவர்களே, உங்கள் பொறுமைக்குக் கைகூப்பி நன்றி. மாமா மாலை போட்டபோது அவர் கை நடுங்கியதைப் பார்த்தேன்.

திரும்பும் வழியில் ஞாயிற்றுக்கிழமை இறங்கிப் பார்த்தோம். டீக்கடையும் சாத்தியிருந்தது, பட்டறையும் சாத்தியிருந்தது. அதனால்தான் இதை எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன். அக்கா, உங்கள் தூக்குச்சட்டி எங்கள் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. சாத்தூரில் உங்களுக்கென்று வாங்கிய காராச்சேவை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டோம். ஆடியில் மறுபடி அந்த வழியாக வருகிறோம். தூக்கு நிறைய அத்தை கையால் செய்த அதிரசம் இருக்கும்.