பழைய பைத்தானைக் கைவிடக் கொஞ்சம் பொறுங்கள்: லைப்ரரி பராமரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பைத்தான் லைப்ரரி பராமரிப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்களில் பலர் சம்பளமில்லாமல், ராத்திரி கண்விழித்து, பைத்தான் நிரல்மொழியில் மற்றவர்களும் எடுத்துப் பயன்படுத்த எழுதித்தரும் லைப்ரரிகளை நம்பித்தான் என்னைப் போன்றவர்களின் பிழைப்பு ஓடுகிறது. அந்த நன்றியோடு ஒன்று கேட்கிறேன். பைத்தானின் ஒரு பதிப்புக்கு, அதை உருவாக்கும் குழுவே ஆதரவு தந்துகொண்டிருக்கும்வரை, நீங்களும் அதைக் கைவிடாதீர்கள்.

காலத்துக்கும் சுமக்கச் சொல்லவில்லை. 2015-இல் முடிய வேண்டிய பைத்தான் 2.7-ஐ 2020 வரை இழுத்ததில் நீங்கள் பட்ட பாடு தெரியும். அந்த நிலைமை திரும்பவே வேண்டாம்.

ஆனால் இப்போது அவசரம் கூடிவிட்டது. பைத்தான் 3.10-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வெளிவந்தது 2021 அக்டோபரில். பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் வரை. அறிவியல் லைப்ரரிகள் பின்பற்றும் கணக்கு, ஒரு பதிப்பு வந்து மூன்றாண்டு ஆனால் போதும் என்பது; அதன்படி 2024 கடைசியிலேயே அதை விட்டுவிடலாம். எண் கணக்கீட்டு லைப்ரரியான நம்பையின் 2.3 பதிப்பு 2025 ஜூனில் வந்தது, அதற்குக் குறைந்தது 3.11 வேண்டும். உபுண்டு 22.04 இயங்குதளம் போட்ட சர்வரிலோ கூடவே வருவது 3.10, அந்த உபுண்டுவுக்கு 2027 வரை ஆதரவு உண்டு. கல்லூரி லேபிலும் சின்ன அலுவலகத்திலும் இருப்பவர்கள் நினைத்த நேரத்தில் சர்வரை மாற்றிவிட முடியாது.

நம்பை செய்வதில் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு பைத்தான் பதிப்புக்கும், ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனித்தனியாக பில்ட் செய்ய (ஓடக்கூடிய கோப்பாகத் தொகுக்க) வேண்டும். அது பெரிய வேலை. ஆனால் தேதியைப் படிப்பது, நிரலின் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் கோப்பைத் திறப்பது என்று முழுக்கப் பைத்தானிலேயே எழுதிய சின்ன லைப்ரரிகளும் அதே கணக்கைப் பின்பற்றுவது ஏன்? அப்படிக் கான்ஃபிக் கோப்பைப் படிக்கும் டாம்லிப் 3.11-இல்தான் பைத்தானுக்கு உள்ளேயே வந்தது, சரி. 3.10-இல் அதே வேலையை டாம்லி என்ற தனி லைப்ரரி செய்கிறது. இம்போர்ட் செய்யும் இடத்தில் நாலு வரி போதும். அந்த நாலு வரியை மிச்சப்படுத்த ஒரு பதிப்பையே விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால், தேவையான பைத்தான் பதிப்பை, லைப்ரரியோடு போகும் விவரக்குறிப்பான மெட்டாடேட்டாவில் மறக்காமல் குறிப்பிடுங்கள். லைப்ரரிகளை நிறுவித்தரும் கருவியான பிப், 2016-இல் வந்த அதன் 9-ஆம் பதிப்பு முதல் அதைப் பார்த்துத்தான் பொருத்தமான பழைய வெளியீட்டை எடுத்துத் தருகிறது. அது இல்லாவிட்டால் புதியது இறங்கிவிடும். நிறுவும்போது ஒன்றும் தெரியாது, ஓட்டும்போது சின்டாக்ஸ் எரர் வந்து நிற்கும். காலையில் பில் போட வேண்டிய கடையில் அப்படி நின்றதைப் பார்த்திருக்கிறேன். வெளியிட்ட பிறகு மெட்டாடேட்டாவைத் திருத்தவும் முடியாது, அந்த வெளியீட்டையே திரும்பப் பெற வேண்டும்.

இதிலும் ஒரு ஆபத்து உண்டு. பிப் சத்தமில்லாமல் பழையதையே தந்துகொண்டிருக்கும். நாம் அப்டேட்டாக இருக்கிறோம் என்று பயனர் நினைத்துக்கொண்டிருப்பார். பாதுகாப்புத் திருத்தம் ஒன்றும் அவருக்கு வந்து சேராது. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். அதனால் கைவிட்ட பதிப்பில் ஓடும் கடைசி வெளியீட்டுக்கு, ஒரு வருடமாவது பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் கொடுங்கள். பைத்தான் 2-இல் ஓடிய கடைசி நம்பையான 1.16-ஐ 2019 முடியும்வரை பராமரித்தார்கள். இணையதளங்கள் கட்ட உதவும் ஜாங்கோவும் தன் நீண்டகால வெளியீடுகளுக்கு மூன்று வருடம் பாதுகாப்புத் திருத்தம் தருகிறது. இரண்டுமே பெரிய குழுக்கள்தான். தனி ஆளாகப் பராமரிக்கிறீர்கள், முடியாது என்றால், லைப்ரரியின் அறிமுகக் கோப்பான ரீட்மியில் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், எந்தப் பைத்தான் பதிப்பை எப்போது கைவிடப்போகிறீர்கள் என்பதை ஒரு வெளியீட்டுக்கு முன்பே அறிவித்துவிடுங்கள். அந்தத் தேதியைக் காட்டித்தான் சர்வரை மாற்ற எங்கள் மேலதிகாரிகளிடம் அனுமதி வாங்க முடியும்.

அன்புடன்,
உங்கள் லைப்ரரிகளைத் தினமும் பயன்படுத்தும் ஒருவர்