ரிஃப்ராக்டோமீட்டரைக் கையிலிருந்து கொடு

காவேரிப்பட்டணம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று போனில் பேசும்போது மூன்று தடவை "ஒரு நிமிஷம்ப்பா" என்றாய். மூன்று தடவையும் யாரோ மாங்கூழின் பிரிக்ஸ், அதாவது இனிப்பு அளவு, கேட்டு வந்தவர்கள்தான். சீசன் முழுக்க இப்படி ஓடினால் உன் உடம்பு தாங்காது. ஷிப்டில் எல்லோரும் உன் தலையசைப்புக்குக் காத்து நின்றால் கூழ் எடுக்கும் பல்ப்பர் சும்மா சுற்றும், பழுத்த பழம் அறையிலேயே அளிந்துபோகும்.

முதலில் பிரிக்ஸ் பார்ப்பதை லேப் பையனிடம் கொடு. முழுசாகக் கொடு. "பார்த்துட்டு என்கிட்ட காட்டு" என்றால் அவன் எண்ணைப் படிப்பானே தவிர, யோசிக்க மாட்டான். பிரிக்ஸ் அளக்கும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டரைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் பூஜ்யம் வைப்பது, கூழை ஆறவைத்துச் சொட்டு விடுவது, கண்ணாடியைத் துடைப்பது, இந்த மூன்றையும் உன் முன்னாலேயே அவன் செய்து காட்டட்டும். சூடான கூழை அப்படியே வைத்தால் எண் குறைவாகக் காட்டும். நல்ல லாட்டைப் பழுக்காதது என்று ஒதுக்கிவிடுவான்.

பிறகு ஒரு தாளில் எழுதிக் கொடு. பெங்களூரா மாம்பழம் என்றால் பிரிக்ஸ் 14க்குக் குறையக் கூடாது. அரை மணிக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். தொடர்ந்து இரண்டு தடவை குறைந்தால் லைனை அவனே நிறுத்தலாம். நிறுத்திவிட்டு உனக்குச் சொன்னால் போதும். குறைவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம்: சரியாகப் பழுக்காத காய்வெட்டுப் பழம் கலந்திருக்கும், இல்லையென்றால் கழுவும் தண்ணீர் கூழில் சேர்ந்திருக்கும். எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும். எழுதியதை அவன் வாயால் திருப்பிச் சொல்லச் சொல். தலையாட்டினால் புரிந்தது என்று எடுத்துக்கொள்ளாதே.

முதல் நாள் பக்கத்தில் நில், பேசாதே. அடுத்த மூன்று நாள் ஷிப்டுக்கு இரண்டு தடவை நீயும் தனியாக அளந்து ஒப்பிட்டுப் பார். அதன்பின் ஷிப்ட் முடிவில் ரிஜிஸ்டர் பார்த்தால் போதும். எண் ஒத்துப்போகவில்லை என்றால் கருவியை வாங்கிக்கொள்ளாதே கண்ணு. எந்தப் படியை விட்டான் என்று தேடு. ஒரு தடவை பிடுங்கினால் அடுத்து எல்லாக் கேள்வியும் உன்னிடமே திரும்பி வரும்.

"என்னக்கா பண்றது?" என்று வந்தால், "நீ என்ன பண்ணலாம்னு நினைக்கிறே?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இரு. அந்த நேரம் வாயைக் கட்டுவதுதான் கஷ்டம்.

பழம் பிரிக்கும் மேசையை அனுபவமுள்ள ஒரு அக்காவிடம் விடு. காம்பழுகலும் கல்லுக்காயும் உள்ளே வரக் கூடாது என்று மட்டும் சொல். கை எப்படிப் போக வேண்டும் என்று நீ சொல்லாதே. கிரேட்டைத் திருப்பி அனுப்பும் உரிமை அவருக்கு உண்டு என்பதை லோடுமேன்கள் முன்னாலேயே சொல்லிவிடு. தனியாகச் சொன்னால் அவர் பேச்சை யாரும் மதிக்க மாட்டார்கள்.

கூழ் அடைத்த கேன்களை வேகவைக்கும் வெப்பநிலையையும் நேரத்தையும் மாற்றும் முடிவை யாரிடமும் விடாதே. யாரையாவது கண்டிக்க வேண்டியிருந்தால் அதுவும் உன் வேலைதான்.

இந்த வாரம் பிரிக்ஸ் மட்டும் கொடு, மேசை அடுத்த வாரம். ஒரே நாளில் இரண்டையும் கொடுத்தால் தவறு எங்கே வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. சாப்பிட்டுவிட்டு ஷிப்டுக்குப் போ.

அன்புடன்,
அப்பா