கைப்பிரதிக் கூட்டம்: ஒரு நன்றி மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

பழமையை ஒழிப்பதாகச் சொல்லி மாவோ 1966 முதல் 1976 வரை நடத்திய சீனப் பண்பாட்டுப் புரட்சிக் காலத்து இளைஞர்கள் ஒளித்து வைத்துப் படித்த நூல்களைப் பற்றித் தமிழில் இரண்டு மணி நேரம் கேட்க யார் வருவார்கள் என்று பயந்துகொண்டேதான் சிங்கப்பூரில் எங்கள் வாசகர் வட்டக் கூட்டத்தை ஏற்பாடு செய்தேன். நாற்காலி போதாமல் சுவரோரம் நின்று கேட்டீர்கள். உங்களுக்கு முதல் நன்றி.

என் பக்கத்து வீட்டு ஆன்ட்டி இல்லாவிட்டால் இந்தக் கூட்டமே இல்லை. பல வருடமாக லிஃப்டில் பார்த்துச் சிரித்துக்கொள்வதோடு சரி. தீபாவளிக்கு முறுக்கு கொடுக்கப் போனபோதுதான், அவர் 1969இல், பதினேழு வயதில், ஷாங்காயிலிருந்து சீனாவின் வடகிழக்குக் கோடியில் உள்ள ஹெய்லோங்ஜியாங் மாகாணத்துப் பண்ணைக்குப் போனவர் என்று தெரிந்தது. படித்த இளைஞர்கள் கிராமத்து ஏழை விவசாயிகளிடம் மறுகல்வி பெற வேண்டும் என்ற மாவோவின் கட்டளை 1968 டிசம்பர் 22 அன்று வெளியாகியிருந்தது. அப்படிப் போனவர்கள் 1.6 கோடிக்கும் மேல்.

ஆன்ட்டியின் கைக்கு வந்த நாவல் சாங் யாங் எழுதிய 'இரண்டாவது கைகுலுக்கல்'. விஞ்ஞானிகளின் காதல் கதை. அச்சேறாமலே கைப்பிரதியாக நாடு முழுக்கச் சுற்றியது. அதற்காக 1975இல் கைதான சாங் யாங், 1979இல்தான் வெளியே வந்தார். நாவலும் அந்த ஆண்டே அச்சானது.

மூன்று இரவுக்குள் திருப்பித் தர வேண்டும். நான்கு பெண்கள் நோட்டின் தையலைப் பிரித்துப் பங்கு போட்டுக்கொண்டு, அடியில் கணப்பு எரியும் 'காங்' மேடையில், மண்ணெண்ணெய் விளக்கை மறைத்துவைத்துப் படியெடுத்திருக்கிறார்கள். ஆன்ட்டியின் பங்கில் ஒரு காதல் கடிதம் வந்தது. அதில் தன்னுடையதாக இரண்டு வரி சேர்த்துவிட்டாராம். "அதுவரை என் கை எழுதியதெல்லாம் முழக்கமும் சுயவிமர்சனமும்தான்" என்றார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருப்பது அந்த இரண்டு வரியைத்தான்.

மாண்டரினிலிருந்து மொழிபெயர்த்த அவருடைய மகளுக்கு எப்படி நன்றி சொல்வது? இந்த இடத்தில் நின்றுபோனார். அம்மா இதைத் தன்னிடம் சொன்னதே இல்லையாம். அரங்கில் ஒருவரும் அசையவில்லை. அந்த அமைதிக்கும் நன்றி.

என் கட்டுரையைத் திருத்திய ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயாவுக்கு நான் பெரிதும் கடன்பட்டிருக்கிறேன். 'நாடு கடத்தப்பட்டவர்கள்' என்று எழுதியிருந்தேன். "சொந்த நாட்டுக்குள்ளேயேதானே அனுப்பினார்கள்? விரும்பிப் போனவர்களும் இருந்திருப்பார்களே, கேட்டுப் பாரம்மா" என்றார். கேட்டேன். ரயிலில் பாட்டுப் பாடிக்கொண்டே போனேன் என்றார் ஆன்ட்டி. அந்தச் சொல்லை அடித்துவிட்டேன். கட்டுரையின் முதல் பகுதியையும் மாற்றி எழுத வேண்டியிருந்தது.

இடம் தந்த நூலகத்தாருக்கும், தேநீர்ச் செலவை ஏற்ற தம்பிக்கும், மழையில் ஒலிபெருக்கியைத் தூக்கி வந்த பிள்ளைகளுக்கும் நன்றி.

கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி, "அந்த இரண்டு வரி என்ன, ஆன்ட்டி?" என்று கேட்டாள். எனக்கு வராத துணிச்சல் அது, அவளுக்கும் நன்றி. ஆன்ட்டி மகளைப் பார்த்தார், சிரித்தார், கடைசிவரை சொல்லவில்லை.