தங்கைக்கு ஒரு கடிதம்: ஜாய் ஹெஸ்டரின் மசிப் பெண்கள்

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ அனுப்பிய, உட்கார்ந்திருக்கும் பெண்ணின் மசிப் படத்தையும் அதோடு எழுதியிருந்த புலம்பலையும் பார்த்தேன். "ஸ்கெட்ச்சா நல்லாத்தான் இருக்கு, அனாட்டமிய சரிபண்ணி ஆயில்ல பண்ணிடு" என்று உன் ஆசிரியர் சொன்னாராம், நீயும் உடனே கேன்வாஸ் வாங்கக் கிளம்பிவிட்டாயாம். கொஞ்சம் பொறு. உனக்குத் தனியாக எழுத வேண்டியதைப் பொதுவில் எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே, இதே பேச்சைக் கேட்டுவிட்டு இங்க் பாட்டிலை மூடி ஓரமாக வைத்தவர்கள் இன்னும் சிலரை எனக்குத் தெரியும், அவர்களும் படிக்கட்டுமே. உன் படத்தை இங்கே போடவில்லை, பயப்படாதே.

ஜாய் ஹெஸ்டர் என்று ஒரு ஆஸ்திரேலிய ஓவியர். 1920-ல் மெல்பர்னில் பிறந்தவர், 1960 டிசம்பரில், நாற்பதே வயதில் இறந்துபோனார். சிட்னி நோலன், ஆல்பர்ட் டக்கர், ஆர்தர் பாய்ட் என்று ஆஸ்திரேலிய நவீன ஓவியத்தில் இன்றைக்குப் பெரிய பெயர்களாக இருப்பவர்கள் பலரும் 1940-களில் ஒரே வட்டத்தில் இருந்தார்கள், 'ஆங்ரி பெங்குவின்ஸ்' என்ற பத்திரிகையின் பெயராலேயே அந்த வட்டத்தையும் அழைக்கிறார்கள். ஜான் ரீட், சண்டே ரீட் என்ற தம்பதி மெல்பர்ன் நகரத்தின் ஓரத்தில் ஒரு பழைய பால் பண்ணையை 1934-ல் வாங்கி, ஹைடி என்று பெயர் வைத்து, இவர்களுக்கெல்லாம் சோறும் இடமும் காசும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டுச் சாப்பாட்டு அறையில்தான் நோலன் நெட் கெல்லி என்ற ஆஸ்திரேலியக் கொள்ளைக்காரனைப் பற்றிய தன்னுடைய புகழ்பெற்ற வரிசையை 1946-47-ல் ஹார்ட்போர்டு பலகைகளில் எனாமல் பெயின்ட்டால் வரைந்தார். அதே வீட்டில், பேச்சும் விவாதமும் நடந்துகொண்டிருக்கும்போதே தரையில் உட்கார்ந்து, தாளைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, பிரஷ்ஷையும் மசியையும் வைத்து வரைந்துகொண்டிருந்தவர் ஹெஸ்டர். எண்ணெய் வண்ணத்தில் அவர் செய்தது மிகக் குறைவு. வாழ்நாள் முழுக்கத் தாள்தான், பெரும்பாலும் மசிதான், கூடவே கொஞ்சம் வாட்டர்கலர், பேஸ்டல்.

சரி, படத்துக்கு வருவோம். அவருடைய ஆடையில்லாத உருவங்களில் ஒன்றை, அல்லது நாற்பதுகளின் கடைசியிலும் ஐம்பதுகளிலும் செய்த காதலர் படங்களில் ஒன்றை, திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு மேலே படி. உன் பார்வை முதலில் எங்கே போகிறது? நிர்வாண ஓவியம் என்றாலே மார்புக்கும் இடுப்புக்கும் போய்த்தான் பழக்கம், நூற்றாண்டுகளாக ஓவியர்கள் நம்மை அப்படித்தான் பழக்கி வைத்திருக்கிறார்கள். இங்கே போக முடியவில்லை, கவனித்தாயா? முகம் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. முகத்திலும் கண்கள். அவ்வளவு பெரிய கண்கள் மனிதர்களுக்குக் கிடையாது, அவ்வளவு கறுப்பும் கிடையாது. உடம்புக்கு வந்தால் சில கோடுகள், நீர்த்த மசியில் ஒரு வீச்சு, அவ்வளவுதான். தோள் எங்கே முடிகிறது, கை எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் அவருக்கு முக்கியமாகப் படவில்லை. 1949-ல் செய்த காதல் படங்களில் இன்னும் ஒரு படி மேலே போய், இரண்டு முகங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து, எந்தக் கண் யாருடையது என்று பிரிக்க முடியாமல் நிற்கின்றன. அனாட்டமி தெரியாமல் செய்த வேலையா இது? அவர் மெல்பர்னில் முறையாக ஓவியம் படித்தவர், இளம் வயதில் மாடலைப் பார்த்து ஒழுங்காக வரைந்தவர். தெரிந்ததை எங்கே விட வேண்டும் என்று பிறகு முடிவு செய்திருக்கிறார்.

எக்ஸ்பிரஷனிசம் என்றால் உணர்ச்சியைக் கொட்டுவது, கோணல்மாணலாகப் போடுவது என்று ஒரு எண்ணம் இருக்கிறது, உன் ஆசிரியருக்கும் இருக்கலாம். எனக்கு அது ஒத்துவரவில்லை. கோணலாகப் போடுவதற்கு யாரும் தேவையில்லை, கை நடுங்கினாலே போதும். ஹெஸ்டரிடம் நான் பார்ப்பது ஒருவிதமான கணக்கு. எதற்கு அழுத்தம், எதற்கு இல்லை என்று அந்தச் சில நொடிகளில் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார், போட்டதை மாற்றவும் இல்லை.

மாற்றவும் முடியாது, அதுதானே மசி. புகைக்கரியையும் பசையையும் கலந்து செய்வது, பாட்டிலில் வரும் இண்டியன் இங்க்கில் அரக்குப் பிசினும் சேர்த்திருப்பதால் காய்ந்த பிறகு தண்ணீர் பட்டாலும் அசையாது. எண்ணெய் வண்ணத்தில் நேற்று போட்ட தோளை இன்றைக்குச் சுரண்டலாம், நாளைக்கு அதன்மேல் வேறு தோள் போடலாம், பார்ப்பவருக்குக் கடைசித் தோள் மட்டும்தான் தெரியும். மசியில் முதல் தோள்தான் கடைசித் தோள். பிரஷ் எங்கே தயங்கியது, எங்கே மசி தீர்ந்து கோடு வறண்டு பிய்ந்தது, ஈரமாக இருந்த வாஷுக்குள், அதாவது நீர்த்த மசிப் பூச்சுக்குள், அடுத்த கோடு எப்படிப் பரவியது, எல்லாமே தாளில் அப்படியே கிடக்கும். வெள்ளை என்று ஒரு வண்ணமும் கிடையாது, தாளின் வெள்ளைதான் வெளிச்சம், அதை மூடிவிட்டால் திரும்ப வராது. (கௌவாஷ், அதாவது அடியில் இருப்பதை மறைக்கும் கெட்டியான நீர்வண்ணம், அதன் வெள்ளையை மேலே வைக்கலாம் என்பாய். வைக்கலாம், அவரே சில இடங்களில் வைத்திருக்கிறார். அது வேறு வெள்ளை.) அதனால் மசியில் ஒரு உடம்பை வரைவது என்றால் எதைத் தொடாமல் விடப் போகிறாய் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஹெஸ்டரின் பெண்களில் கன்னமும் நெற்றியும் வயிறும் பெரும்பாலும் வெறும் தாள். அந்த வெறும் தாளை நாம் தோல் என்று நம்புகிறோம், ஏனென்றால் பக்கத்தில் இருக்கும் கறுப்பு சரியான இடத்தில் விழுந்திருக்கிறது.

இதை எண்ணெயில் பெயர்த்து எழுதினால் என்ன கிடைக்கும் என்று யோசித்துப் பார். வேறு ஏதோ ஒன்று கிடைக்கும், நன்றாகக்கூட இருக்கலாம். ஆனால் இந்தப் படம் இருக்காது.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்வேன். 1941-ல் ஹெஸ்டர் ஆல்பர்ட் டக்கரைக் கல்யாணம் செய்துகொண்டார். டக்கர் 1943 தொடங்கி 'நவீனத் தீமையின் படிமங்கள்' என்ற பெயரில் இன்று அறியப்படும் வரிசையை வரைகிறார். போர்க்கால மெல்பர்ன், இருட்டடிப்பு, தெருவெல்லாம் அமெரிக்கப் படைவீரர்கள், அவர்களோடு சுற்றும் பெண்கள். அந்தப் பெண்களை டக்கர் எப்படி வரைந்தார் தெரியுமா? தலையே இல்லாத மாதிரி ஒரு சதைப் பிண்டம், அதில் ஒரு கண், பிறைவடிவில் சிவப்பாக ஒரு வாய். நல்ல ஓவியங்கள்தான், பயமுறுத்துகின்றன, ஊரே கெட்டுப்போய்விட்டது என்ற ஆத்திரத்தைப் பெண்ணின் உடம்பில் ஏற்றி வைத்திருக்கிறார். அதே வருடங்களில் மனைவி மசியில் பெண்களை வரைகிறார். 1945-ல் ஹெஸ்டர் வரைந்த 'பயந்த பெண்' என்ற படத்தை டக்கருடையதோடு பக்கத்தில் வைத்துப் பார். டக்கர் கண்ணில் தீமையாகத் தெரிந்தவள் ஹெஸ்டர் தாளில் பயத்தோடு இருக்கிறாள். இருவரும் ஒரே போரைப் பார்த்தவர்கள், ஒரே வீட்டில் இருந்தவர்கள். பெண் வரைந்தால் பெண்ணுடம்பு தானாக வேறுமாதிரி வந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை, பெண்கள் வரைந்த வழவழப்பான நிர்வாணங்களும் ஏராளம் இருக்கின்றன. ஆனால் இந்த ஒரு ஜோடியை வைத்துப் பார்த்தால், யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பது கோட்டின் அழுத்தம் வரைக்கும் இறங்கிவிடுகிறது. டக்கரின் பெண்ணை நாம் பார்க்கிறோம். ஹெஸ்டரின் பெண் நம்மைப் பார்க்கிறாள், அல்லது நம்மைத் தாண்டி எதையோ பார்க்கிறாள், துணியில்லாமல் இருப்பது அவளுக்குப் பெரிய விஷயமாகவே இல்லை.

பெண்கள் நிர்வாண மாடலைப் பார்த்து வரையவே நீண்ட காலம் அனுமதி இருக்கவில்லை என்பது உனக்குத் தெரிந்த கதைதான். லண்டன் ராயல் அகாதெமி 1893-ல்தான் மாணவிகளை லைஃப் கிளாஸுக்குள் விட்டது, அதுவும் மாடல் இடுப்பை மூடிக்கொண்டு நிற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. பாரிஸின் எக்கோல் தெ போசார் என்ற கலைக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டதே 1897-ல். ஜெர்மன் ஓவியர் பவுலா மோடர்சோன்-பெக்கர் தன்னையே அரை நிர்வாணமாக வரைந்துகொண்டது 1906. ஹெஸ்டர் படிக்கப் போனபோது இந்தக் கதவுகள் திறந்து நாற்பது வருடம் ஆகியிருந்தது, அதனால் இதை அவருடைய போராட்டமாக ஆக்க வேண்டாம். அவருக்கு முன்னால் இருந்த கதவு வேறு: காகிதம்.

காகிதத்தில் மசியால் செய்வது தயாரிப்பு வேலை, உண்மையான வேலை கேன்வாஸில் என்ற அந்த எண்ணம் அன்றும் இருந்தது. 1950-ல் மெல்பர்னில் அவருடைய முதல் தனிக்கண்காட்சி நடந்தது, படங்களோடு தன் கவிதைகளையும் சேர்த்து வைத்தார். நோலனுக்கும் டக்கருக்கும் வாழும்போதே கிடைத்த பெயரில் பாதிகூட அவருக்குக் கிடைக்கவில்லை. பெண் என்பதால் எவ்வளவு, மசி என்பதால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டும் சேர்ந்தே வேலை செய்திருக்கும். இதில் ஒரு நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது, யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை: தாள் வெளிச்சத்தில் மஞ்சளாகும், நொறுங்கும், வாட்டர்கலர் வெளிறும். அதனால் அருங்காட்சியகங்கள் தாளில் உள்ள படங்களைச் சுமார் 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) அளவுக்கு மங்கிய விளக்கில், சில மாதங்கள் மட்டும் காட்டிவிட்டு மறுபடி பெட்டிக்குள் வைத்துவிடும். எண்ணெய் ஓவியம் வருடக்கணக்கில் சுவரில் தொங்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து பார்ப்பார்கள், அஞ்சலட்டையாகும், பெயர் நிலைக்கும். மசிப் படம் இழுப்பறையில் படுத்திருக்கும். கண்ணில் படாதது முக்கியமில்லாததாக ஆகிவிடுகிறது. ரீட் தம்பதியின் ஹைடி இப்போது அருங்காட்சியகம், அங்கே 2020-ல் ஹெஸ்டருக்கென்று பெரிய கண்காட்சி வைத்தார்கள், அவர் இறந்து அறுபது வருடம் கழித்து.

அவரைப் பற்றி எதைப் படித்தாலும் நோய்க்கதைதான் முன்னால் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீயும் தேடியவுடன் அதில் போய் விழுவாய். 1947-ல் அவருக்கு ஹாட்ஜ்கின் நோய் (நிணநீர் மண்டலத்தின் புற்றுநோய்) என்று கண்டுபிடித்தார்கள், அதிக காலம் இருக்க மாட்டார் என்றார்கள். டக்கரை விட்டுப் பிரிந்து, கிரே ஸ்மித் என்ற ஓவியரோடு சிட்னிக்குப் போனார். குழந்தை ஸ்வீனியை ரீட் தம்பதியிடம் விட்டுவிட்டார், அவர்கள் பிறகு தத்தெடுத்துக்கொண்டார்கள். கிரே ஸ்மித்தோடு இன்னும் இரண்டு குழந்தைகள், இன்னும் பதின்மூன்று வருட வாழ்க்கை. பெரிய கதைதான், எனக்கும் படிக்கும்போது மனசு கனத்தது. ஆனால் அந்தக் கறுத்த கண்களெல்லாம் மரண பயத்தால் வந்தவை என்று சிலர் எழுதும்போது எரிச்சல் வருகிறது. தேதியைப் பார்த்தாலே போதும், 'பயந்த பெண்' 1945. நோய் தெரிவதற்கு இரண்டு வருடம் முன்னாலேயே அந்தக் கண் வந்துவிட்டது. ஆண் ஓவியர் என்றால் பாணி என்பார்கள், பெண் என்றால் வியாதி என்பார்கள் போலிருக்கிறது.

இப்போது உன் படம். உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணின் முதுகு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, கழுத்திலிருந்து இறங்கும் அந்த ஒற்றைக் கோடு நடுவில் வறண்டு பிய்ந்திருக்கிறதே, அதைத் தொடாதே. இடது கை நீளம்தான், இருக்கட்டும், அது நீளமாக இருப்பதால்தான் அவள் முழங்காலை அவ்வளவு இறுகப் பிடித்திருப்பது தெரிகிறது. எனக்கு இடிக்கும் இடம் வேறு. மசி காய்ந்த பிறகு பயந்துபோய், உடம்பைச் சுற்றி மெல்லிய நிப்பால் ஒரு வெளிக்கோடு போட்டிருக்கிறாய். பிரஷ் சொன்னதை நிப் திருத்துகிறது. அந்தக் கோடு வந்தவுடன் உருவம் தாளிலிருந்து வெட்டி எடுத்த மாதிரி ஆகிவிட்டது, பின்னணியின் வெள்ளையும் உடம்பின் வெள்ளையும் ஒன்றாக இருந்தது போய்விட்டது. உன் ஆசிரியர் சொன்ன 'முடிக்காத' உணர்வு அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். பாதியில் ஒருவர் மனம் மாறியது படத்தில் தெரிகிறது.

அப்புறம் முகம். நீ முகத்தை முடியால் மறைத்துவிட்டாய். மாடல் கேட்டுக்கொண்டதால் என்றால் சரி, அதற்கு மேல் நான் பேச மாட்டேன். வரையப் பயந்து மறைத்தாய் என்றால், அதை வைத்துக்கொண்டு ஆயிலுக்குப் போனாலும் அங்கேயும் மறைக்கத்தான் செய்வாய்.

எண்ணெய் வண்ணம் கற்றுக்கொள்ள வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தாராளமாகக் கற்றுக்கொள், வேறு படம் வரை. இந்தப் படத்தை மட்டும் கேன்வாஸுக்கு இழுத்துக்கொண்டு போகாதே. இதே மாடல் மறுபடி வருவார் என்று எழுதியிருந்தாய் இல்லையா, அன்றைக்கு நிப்பை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ. நல்ல தாளில் கை நடுங்கினால் மலிவான தாளை ஒரு கட்டாக வாங்கிக்கொள், தரையில் உட்கார முடிந்தால் உட்கார். ஒரு தாள் கெட்டால் அதைத் திருத்தாமல் அடுத்ததை எடு. கெட்டவற்றையும் கிழிக்காமல் எனக்கு அனுப்பு, எதில் முகம் வந்திருக்கிறது என்று பார்க்கிறேன். உன் ஆசிரியர் கேட்டால் அக்கா சொன்னாள் என்று சொல்லிவிடு, அவரோடு நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா