ஊட்டியில் வீடு வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கு ஒரு பிளம்பரின் மடல்

ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் வணக்கம்.

இருபத்திரண்டு வருஷமாக இந்த ஊரில் பைப் வேலை செய்கிறேன். உங்களில் பல பேர் வீட்டுத் தகரக் கூரையில் ஏறி இறங்கியவன். பனி விழத் தொடங்கிய பிறகு கூப்பிட்டால் என்னால் ஒட்டுத்தான் போட முடியும். அதனால் இப்போதே எழுதுகிறேன். பழைய ஜிஐ லைனுக்கு, அதாவது நாகம் பூசிய இரும்புப் பைப்புக்கு, இனி ஒட்டுப் போடச் சொல்லாதீர்கள். முழு லைனையும் மாற்றிவிடுங்கள்.

போன தை மாதம், காந்தலில் ஒரு லைன் வீடு. காலை ஏழு மணிக்குப் போன் வந்தது. போய்ப் பார்த்தால் வாசல் புல்லெல்லாம் உப்புத் தூவிய மாதிரி வெள்ளை. சமையலறைக் குழாயைத் திறந்து, அடியில் குடத்தை வைத்துவிட்டு, அந்த வீட்டுப் பாட்டி அடுப்பை ஒட்டி உட்கார்ந்திருந்தார். ஒன்பது மணிக்குப் பின்சுவரில் வெயில் விழுந்த பிறகுதான் ஒரு சொட்டு வந்தது. கொஞ்ச நேரத்தில் வெளியே பைப் திரும்பும் எல்போ பக்கம் பீய்ச்ச ஆரம்பித்துவிட்டது. மெயின் வால்வை மூடிவிட்டு அந்த இடத்தை அறுத்தேன். அரை இஞ்ச் பைப். உள்ளே துரு கட்டி கட்டியாக ஏறி, பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி. வெட்டிய துண்டைப் பாட்டி கையில் வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெளிச்சத்தில் பார்த்தார். "இதுலயா சாமி இத்தனை நாளு தண்ணி குடிச்சோம்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அதே லைனில் அதற்கு முன் மூன்று கிளாம்ப் போட்டவன் நான்தான்.

பனி மட்டும் இதைச் செய்யவில்லை. நம் ஊர் 2,240 மீட்டர் உயரத்தில் இருந்தாலும், காஷ்மீர் போல இங்கே நாள் கணக்கில் தண்ணீர் உறைந்து கிடப்பதில்லை. மேகமில்லாத ராத்திரியில், விடியற்காலைச் சில மணி நேரம்தான். நல்ல பைப் அதைத் தாங்கிவிடும். தண்ணீர் ஐஸ் ஆகும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். துரு தின்று மெலிந்துபோன பைப்பால் அந்த விரிவைத் தாங்க முடியாது. அதுவும் மரை வெட்டிய இடத்தில் இரும்பின் கனம் பாதிதான் இருக்கும், நாகப் பூச்சும் போயிருக்கும். ஒழுகல் எப்போதும் எல்போவிலும், ரெண்டு பைப்பைச் சேர்க்கும் சாக்கெட்டிலும் தொடங்குவது இதனால்தான்.

துரு இவ்வளவு ஏறுவதற்கு நம் தண்ணீரும் ஒரு காரணம். பார்சன்ஸ் வேலி, மார்லிமந்து, டைகர் ஹில் என்று நமக்கு வருவதெல்லாம் மலைத் தண்ணீர். உப்பு ரொம்பக் குறைவு, சோப்பு சட்டென்று நுரைக்கும். சமவெளியில் உப்புத் தண்ணீர் பைப்புக்குள் சுண்ணாம்பாகப் படிந்து இரும்பைக் கொஞ்சம் மூடி வைக்கும். இங்கே அந்தக் காப்பு கிடைப்பதில்லை. குடிக்க இனிப்பாக இருக்கும் இதே தண்ணீர்தான் பைப்பை உள்ளிருந்து அரிக்கிறது.

அப்புறம் பிரஷர். தொட்டியிலிருந்து பத்து மீட்டர் இறங்கினால் ஒரு கிலோ பிரஷர் கூடும். பள்ளத்தில் இருக்கும் வீட்டுக்கு ஐந்தாறு கிலோ சாதாரணமாக வரும். ராத்திரி யாரும் குழாயைத் திறக்காதபோதுதான் அது உச்சத்தில் நிற்கும். குளிர்ந்த காற்றும் பள்ளத்தில்தான் போய்த் தேங்கும். ரெண்டும் ஒரே வீட்டில், ஒரே நேரத்தில்.

சரி, எதைப் போடுவது? வெளி லைனுக்கு என் கை எச்டிபிஇ என்ற பிளாஸ்டிக் பைப்புக்குத்தான் போகும். குளிரில் வெடுக்கென்று உடையாது, கொஞ்சம் விரிந்து கொடுக்கும். ஒன்றரை அடி மண்ணுக்குள் புதைத்துவிட்டால் நம் ஊர்ப் பனி அதைத் தொடாது. வீட்டுக்குள் சிபிவிசி என்ற பிளாஸ்டிக் பைப் போடலாம், கீசர் லைனுக்கும் தாங்கும். விலை குறைவு என்று சாதா பிவிசியைச் சுடுதண்ணீருக்குப் போடாதீர்கள், கூரை மேல் வெயிலிலும் போடாதீர்கள். சில வருஷ வெயிலில் அது அப்பளம் மாதிரி ஆகிவிடும். புதைக்க வழியில்லாத இடத்தில், ஏசி குழாய்க்குச் சுற்றும் கறுப்பு ஃபோம் உறையைப் போட்டு, மேலே டேப் சுற்றுங்கள். சில மணி நேரப் பனிக்கு அது போதும். இந்த வேலையைக் குளிர்காலத்தில் அவசரமாகச் செய்தால் பசை போட்ட இணைப்பு சரியாக நிற்காது. சால்வென்ட் என்ற அந்தப் பசை காய்வதற்கு இங்கே சமவெளியை விட அதிக நேரம் விட வேண்டும்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள். பழைய வீடுகள் சிலவற்றில் கரண்ட்டுக்கான எர்த்தை இரும்புத் தண்ணீர்ப் பைப்பில்தான் கட்டியிருப்பார்கள். அதைக் கழற்றிவிட்டுப் பிளாஸ்டிக் பைப் போட்டால் வீட்டுக்கு எர்த்தே இருக்காது. கீசரில் கை வைப்பவர் உயிருக்கே ஆபத்து. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்து, தனி எர்த் போட்ட பிறகுதான் நான் பழைய பைப்பில் ரம்பத்தை வைப்பேன்.

"குடியிருக்கிறவங்களே பாத்துக்கட்டும்" என்று சில வீட்டுக்காரர்கள் சொல்கிறார்கள். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில் இதற்கென்று ஒரு பட்டியலே இருக்கிறது. குழாயும் வாஷரும் மாற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு. தேவைப்படும்போது பைப் லைனை மாற்றுவது உரிமையாளர் பொறுப்பு. சட்டத்தைக் காட்டி உங்களை மிரட்டவில்லை. குடியிருப்பவர்கள் வெந்நீரைக் கொதிக்கக் கொதிக்கக் குழாயில் ஊற்றுகிறார்கள், சாக்கைச் சுற்றுகிறார்கள், முதல் நாள் பிடித்து வைத்த குடத்துத் தண்ணீரில் பிள்ளையின் முகத்தைக் கழுவிப் பள்ளிக்கூடம் அனுப்புகிறார்கள். இதற்கு மேல் அவர்களால் என்ன செய்ய முடியும்? சுவருக்குள் இருக்கும் பைப்பில் அவர்கள் கை வைக்க முடியாது.

உங்கள் பக்கத்துச் சிரமமும் எனக்குத் தெரியும். வாடகை வருமானத்தை மட்டும் நம்பி இருக்கும் வயசானவர்களும் உங்களில் உண்டு. ஒரே மூச்சில் முடியாவிட்டால், முதலில் மீட்டரிலிருந்து சமையலறை வரையாவது மாற்றுங்கள். அதுதான் குடிக்கிற தண்ணீர். கீசர் லைனை அடுத்து பார்க்கலாம். ஒட்டுக்கும் கிளாம்புக்கும் வருஷா வருஷம் கொடுத்ததை ஒரு தடவை கூட்டிப் பாருங்கள்.

கார்த்திகை பிறந்தால் பனி வந்துவிடும். ஐப்பசியில் மழை, குழி வெட்ட முடியாது. புரட்டாசிக்குள் ஒரு நாள் சொல்லுங்கள், நானோ உங்களுக்குத் தெரிந்த வேறு பிளம்பரோ வந்து லைனைப் பார்க்கிறோம். அன்றைக்குக் குடியிருப்பவர்களையும் வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். எந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் நிற்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.