வண்டி தீப்பற்றினால் ஆட்களை முதலில் இறக்குங்கள்

ஆசிரியர் ஐயா, வணக்கம்.

போன பள்ளி விடுமுறையில் மலேசியாவின் கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்குக் காரில் இறங்கிக்கொண்டிருந்தோம், பின்னால் மச்சான் இரவல் வாங்கிய கேம்பர், அதாவது தங்கிச் சமைக்கும் இழுவை வண்டி. வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தே வந்ததில் கேம்பரின் இடது சக்கரத்திலிருந்து முதலில் கருகல் வாடை, அப்புறம் புகை, ஓரங்கட்டி நிறுத்துவதற்குள் டயரைச் சுற்றி நெருப்பு. பிள்ளைகளை இறக்கி தூரமாக நிற்க வைத்துவிட்டுத் திரும்பினால், மச்சான் கேம்பரைக் காரோடு இணைக்கும் கொக்கியைக் கழற்றக் குனிந்திருக்கிறார்! உள்ளே சமையல் கேஸ் தோம்பு (சிலிண்டர்) இருக்கிறது. “விடுங்க மச்சான், போனா போகட்டும்” என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவசர எண் 999-க்கு அழைத்தோம். தீயணைப்புப் படை வருவதற்குள் கேம்பர் எலும்புக்கூடாகிவிட்டது, ஆனால் ஒருவருக்கும் காயமில்லை.

இழுவை வண்டியோடு மலை இறங்குபவர்கள் தயவுசெய்து சின்ன கியரில் இறங்குங்கள், பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். கிளம்புமுன் தோம்பின் வால்வை இறுக மூடுங்கள். இஞ்சினில் புகை வந்தால் சாவியை அணைத்துவிட்டு விலகுங்கள், பானட்டை அகலத் திறந்தால் காற்றுப் பட்டு குபீரென்று பற்றும். பவுடர் தீயணைப்பான் சில வினாடிகளில் தீர்ந்துவிடும், அதனால் சுவாலையில் அடிக்காமல் நெருப்பின் அடியில் அடிக்கணும், அதுவும் தீ சின்னதாக இருக்கும்போது மட்டும்தான். எங்களிடம் தீயணைப்பான் ஒன்றுகூட இல்லை. கேம்பர் வாடகைக்கு விடுபவர்களாவது ஒன்றைக் கதவருகே மாட்டிக் கொடுக்க வேண்டும் ஐயா.

தோட்டத்து வாசகர்,
தாப்பா