மதகடிச் சண்டைக்கு மூச்சுக் கணக்கு

அன்புள்ள சேகருக்கு,

மேட்டூர்த் தண்ணீர் கல்லணை தாண்டி வெண்ணாற்றில் வந்துவிட்டது. ஊரெங்கும் நாற்றங்கால் வேலைதான். வீட்டில் எல்லோரும் நலம்.

உன் கதாபாத்திர விளையாட்டில் மதகடியில் வரும் தண்ணீர்ச் சண்டைக்கு மூச்சை எப்படிக் கணக்கிடுவது என்று கேட்டிருந்தாய், அதற்கு வருகிறேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை விளையாட்டின் 2014 பதிப்பு விதியை அப்படியே எடுக்காதே. கான்ஸ்டிட்யூஷன், அதாவது உடல் உறுதி, 14 உள்ளவன் மூன்று நிமிடம் மூச்சடக்கலாம் என்கிறது அது. எல்லோரும் ஒரு முறை ஆடி முடிக்கும் ஒரு ரவுண்டு ஆறு விநாடி, ஆக முப்பது ரவுண்டு. எந்தச் சண்டை அத்தனை நேரம் ஓடுகிறது? முதலை காலைக் கவ்வி ஆழத்துக்கு இழுத்தாலும் மேசையில் ஒருவரும் பதறமாட்டார்கள். ஆனால் மூச்சு தீர்ந்ததும் அதே ஆள் இரண்டே ரவுண்டில் உயிர்ப்புள்ளி பூஜ்யமாகி விழுந்துவிடுவான். அது வரை நிதானம், அதற்குப் பிறகு மலைச்சரிவு.

இதே வகை விளையாட்டான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்புக் கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். ஐந்தோடு கான்ஸ்டிட்யூஷன் மாடிஃபையரை (அந்த எண்ணுக்குரிய கூட்டல், 14-க்கு 2) கூட்டு, அத்தனை ரவுண்டு மூச்சு. அவனவன் ஆடும் ஒவ்வொரு முறை முடிவிலும் ஒன்று குறையும். அந்த முறையில் தாக்கினாலோ மந்திரம் போட்டாலோ இரண்டு. வாய் திறந்து பேசினால் மிச்சம் அத்தனையும் போச்சு. வாய்விட்டுச் சொல்லும் மந்திரத்துக்கும் இதேதான். உன் குழுவில் மந்திரம் போடும் குருக்களாக ஆடுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, இல்லாவிட்டால் நடுச்சண்டையில் வாக்குவாதம் வரும். ஆளுக்கு ஏழெட்டுப் புளியங்கொட்டை கொடு, மூச்சு குறையக் குறையத் திரும்ப வாங்கிக்கொள்.

மூச்சு இழுக்க அவகாசமே இல்லாமல் விழுந்தவனுக்குப் பாதிதான் கொடு. இது என் சேர்க்கை, புத்தகத்தில் கிடையாது.

மூச்சு தீர்ந்ததும் பாத்ஃபைண்டர் உடனே மயக்கம் போடவைக்கிறது. அங்கே 2024 டன்ஜன்ஸ் விதிக்கு மாறிக்கொள்: ஒவ்வொரு முறை முடிவிலும் ஒரு படி சோர்வு, ஆறாம் படியில் சாவு, மூச்சு கிடைத்தால் அப்படி ஏறிய சோர்வு முழுக்க நீங்கும். மாடிஃபையர் 2 உள்ளவன் விடாமல் தாக்கினால் ஏழு மூச்சும் நாலாம் முறையில் தீரும், பத்தாம் முறையில் சாவு. சரியாக ஒரு நிமிடம்.

இதில் கவனிக்க வேண்டியது வேகம். சோர்வு ஒரு படி ஏறினால் பகடையில் இரண்டு குறையும், வேகம் ஐந்து அடி குறையும். நீச்சலுக்கு வேகத்தில் இரட்டிப்புச் செலவு. முப்பதடி வேகக்காரன் நாலாம் படியில் ஐந்தடிதான் நகர்வான். அதற்குமேல் கரையிலிருந்து யாராவது கயிறு போட்டு இழுத்தால்தான் உண்டு. ஆகவே ஷட்டர் இழுப்பையும், மணல் அள்ளிய பள்ளத்தையும், மேலே மூடிக்கிடக்கும் ஆகாயத்தாமரையையும் வரைபடத்தில் முதலிலேயே குறித்துவிடு. எங்கே தலை தூக்க முடியாது என்பது ஆட்டக்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஈட்டி, குத்துவாள், சூலம் வைத்திருப்பவர்களுக்குத் தண்ணீருக்குள் பாதகம் இல்லை. நெடுவாள்காரன் இரண்டு பகடை உருட்டிச் சின்னதை எடுக்க வேண்டும். கழுத்தை நெரிக்கும் இடத்தில் மூச்சுக் கணக்கே வேண்டாம், நேரே சோர்வுக்குப் போ.

வரைபடம் போட்டதும் அனுப்பு, நீரோட்டத்தின் திசையை நான் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
மணி